அந்தரத்தில் நிற்றல்

மண்ணில் வாழும் மனிதனுக்கு விண்ணில் உலவ வேண்டும் என்னும் வேட்கை இன்று நேற்றுத் தோன்றியதன்று. வட்டமிடும் பருந்தைக் கண்ணுற்ற நாள்தொட்டே அஃது அவன் உள்ளத்தில் குடிகொண்டுளது. அவ்வேட்கை நிறைவேறி நூறாண்டுகளுக்கு மேலாயின. எனினும், ஆகாய விமானத்தில் ஏறியமர்ந்து ஊர்விட்டு ஊர் செல்வோர் பறப்போர் அல்லர், சுமக்கப்படுவோரே ஆவர். தன் கையால் ஒரு பொறியை மேலெழுப்பி, காற்றிடை அதனைத் தாங்கி, ஊறின்றித் தரையில் இறக்கும் இன்பம் மிகச் சிலர்க்கே வாய்ப்பது. அவ்வின்பத்தை ஏனையோர்க்கும் எட்டும்படி செய்துள்ளது, தொலைவில் நின்று ரிமோட்டினால் இயக்கப்படும் சிறு ஹெலிகாப்டர். அதனைப் பயிலப் புகும் புதியோர்க்கு யாம் பட்டறிந்த சிலவற்றைக் கூறவும், அவ்வழியே நம் கல்லூரிகளுக்கு ஒரு விண்ணப்பம் செய்யவும் இக்கட்டுரையை வரையலுற்றோம்.

"குழந்தைகள் ஆடும் பொம்மையைப் பற்றிக் கல்லூரி மலரில் ஒரு கட்டுரையா?" எனச் சிலர் நகைக்கக்கூடும். கடைத்தெருவில் விற்கும் பொம்மை வேறு. யாம் கூறும் பொறி வேறு. பின்னதில், பெரிய ஹெலிகாப்டருக்குரிய முதன்மையான உறுப்புகள் யாவும் அளவிற் சுருங்கி அமைந்துள்ளன. தலைமேற் சுழலும் இறகுகளின் சாய்வு ஒவ்வொரு சுற்றிலும் மாறுகின்றது. வால்விசிறி உடலைத் திரும்பவொட்டாமல் காக்கின்றது. விமானி தம் இரு கைகளாலும் இரு கால்களாலும் செய்யும் வேலையை, இதனை இயக்குவோன் தன் இரண்டு கட்டைவிரல்களாற் செய்தல் வேண்டும். இது விளையாட்டே, ஆனால் கல்வியோடு கூடிய விளையாட்டு.

எம் கொள்கையைச் சுருங்கக் கூறின் இதுவேயாகும்: இப்பொறியைப் பயில்வோன் முதலிற் கற்கவேண்டுவது பறத்தலன்று, நிற்றல். அந்தரத்தில் ஓரிடத்தே அசையாது நிற்கும்படி அதனைப் பிடித்து வைத்தலே இக்கலையின் அடிப்படை. அதனைக் கல்லாது மேற்செல்வோன் பொருளை இழப்பான். சிலபோது பிறர்க்குத் தீங்கும் விளைப்பான். அந்நிலையைப் பொறுமையோடு கற்பதற்குரிய இடத்தையும் ஆசானையும் மாணவர்க்கு அளித்தல் கல்லூரிகளின் கடமை.

நம் செங்கற்பட்டு மாவட்டத்திற்கும் வானூர்திக் கலைக்கும் உள்ள தொடர்பு பழமையானது. இன்று இம்மாவட்டத்தைச் சேர்ந்ததாகிய பல்லாவரத்தில், 1910-ம் ஆண்டிலேயே, சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த தாஞ்செலிஸ் என்னும் ஐரோப்பியர் தாம் அமைப்பித்த விமானத்தைப் பறக்கவிட்டார். ரைட் சகோதரர் முதன்முதல் பறந்து அப்பொழுது ஏழாண்டுகளே ஆகியிருந்தன. அதற்கு அணித்தாகிய குரோம்பேட்டையில், 1949-ம் ஆண்டில் சி. இராஜம் அவர்கள் தோற்றுவித்த தொழில்நுட்பக் கல்லூரியிலேதான் அப்துல் கலாம் அவர்கள் விமானப் பொறியியல் பயின்றார். அக்கல்லூரியைச் சேர்ந்த 'தக்ஷா' குழுவினர் 2018-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றதனையும், திரைப்பட நடிகர் அஜித்குமார் அவர்கள் அக்குழுவினர்க்கு ஆலோசகராய் விளங்கியதனையும் மாணவர் பலரும் அறிவர். இத்தகைய மாவட்டத்தில் வாழும் இளைஞர் இக்கலையில் நாட்டங் கொள்ளுதல் வியப்பன்று. அந்நாட்டம் நெறிப்படாது வீணாவதே வருந்தத்தக்கது.

அவ்வாறு நெறிப்படாது போனோருள் யாமும் ஒருகாற் சேர்ந்திருந்தோம். எம் கதையைச் சிறிது கூறுதல் பொருந்தும்.

சோழிங்கநல்லூரைக் கடந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய சாலையில் உள்ளது நாவலூர். வயலும் ஏரியும் பனையுமாய் இருந்த அவ்வூர் இன்று அடுக்குமாடி வீடுகளும் கணினி நிறுவனங்களும் நெருங்கிய பேரூராய் மாறியுள்ளது. இக்கல்லூரியிற் பயின்று வெளியேறிய யாம் மூவர் அங்குத் தொழில் புரிந்துவருங்கால், ஒரு விழா நாளில் கைப்பொருளைத் திரட்டி ஒரு ஹெலிகாப்டரை வாங்கினோம். அதனை விற்றவர், "பத்து நிமிடத்திற் பழகிவிடலாம், ஐயா" என்று உறுதி கூறினார். யாமும் நாளெல்லாம் கணினியோடு போராடுபவர். கைப்பிடியில் உள்ள இரண்டு கோல்களா எமக்கு அடங்காதன என்று இறுமாந்திருந்தோம்.

அன்று மாலையே குடியிருப்பின் பின்னுள்ள வெற்று மனைக்குச் சென்றோம். கடற்காற்று நன்றாய் வீசிக்கொண்டிருந்தது. அதனை யாம் பொருட்படுத்தினோமில்லை. விசைக்கோலை மேலே தள்ளினோம். பொறி கணையெனக் குதித்தெழுந்து இடப்பக்கம் சாய்ந்தது. அஞ்சி வலப்பக்கம் இழுத்தோம். முன்னினும் விரைவாய் வலப்பக்கம் பாய்ந்தது. மறுபடி இடப்பக்கம் திருப்புமுன் இறகு மண்ணைத் தைத்தது. தலைவிசிறியின் இறகுகள் இரண்டும் முறிந்தன, நடுத்தண்டு வளைந்தது, வாற்குழாய் ஒடிந்தது, பற்சக்கரத்தின் பற்கள் உதிர்ந்தன. அனைத்தும் நிகழ அரை நிமிடமும் ஆகவில்லை. "பதறாத காரியம் சிதறாது" என்னும் பழமொழியைச் சிறு வயதிற் கேட்டிருந்தோம். அதன் பொருளை அன்றே உணர்ந்தோம்.

அது பொருட்கேடு மட்டுமே. அதனினும் கொடியதொன்று மூன்று வாரங்கழித்து நேர இருந்தது. பொறியைச் செப்பஞ்செய்து ஓரளவு பழகிவிட்டோம் என்னும் எண்ணத்தில் அதே மனையிற் பறக்கவிட்டோம். அது திரும்பி எம்மை நோக்கி முகங்காட்டியது. அவ்வளவில் எமக்கு இடம் வலம் மயங்கிற்று. விலக்க முயலுந்தோறும் நெருங்கிவந்து, எமக்கு அப்பால் ஐந்து கெஜ தூரத்தில் தரையில் மோதிச் சாய்ந்து, முறிந்த இறகோடு சுழன்றுகொண்டேயிருந்தது. அவ்வேளை, வேடிக்கை பார்த்து நின்ற அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன், "நான் எடுக்கிறேன், அண்ணா" என்று கூவிக்கொண்டு அதனை நோக்கி ஓடினான். எம்முள் ஒருவர் விசையை அறவே நிறுத்தும் குமிழைத் தட்டினார். மற்றொருவர் பாய்ந்து சிறுவனைப் பற்றிக்கொண்டார். அவன் ஒரு தீங்கும் இன்றித் தப்பினான். அவனை அங்கே நிற்கவிட்டது எம் குற்றம். பழகாத கையோடு ஊர் நடுவே பறக்கவிட்டதும் எம் குற்றமே. அதன்பின் பல நாள் அப்பொறியை யாம் தொடவில்லை. தொட்டபோது மாணாக்கராய்த் தொட்டோம்.

இனி, இது கற்பதற்கு இத்துணை அரிதாவது ஏன் என்பதனை ஆராய்வோம். இறகு விரித்த விமானம் இயல்பாகவே ஒருவாறு தன்னைச் சமன்செய்துகொள்ளும் வண்ணம் அமைக்கப்படக் கூடியது. கையை விட்டாலும் அது சிறிது தொலைவு நேரே செல்லும். ஹெலிகாப்டரோ அத்தகையதன்று. உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிமிர்த்தி நிறுத்தி ஆடும் சிறுவரைக் கண்டிருக்கின்றோம். குச்சி சாயத் தொடங்கின் அச்சாய்வு தானே வளரும். கை இடைவிடாது நகர்ந்து அதனைத் தாங்குதல் வேண்டும். அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரின் நிலையும் அதுவே. பார்ப்போர்க்கு அது வாளா நிற்பதாய்த் தோன்றும். இயக்குவோன் விரலோ ஒரு நொடியும் ஓய்வதில்லை.

அன்றியும், அதன் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்தவை. தலைவிசிறி ஒரு திசையிற் சுழல, அதன் எதிர்விசையால் உடல் மறுதிசையிற் சுழல முற்படும். அதனைத் தடுக்கவே வால்விசிறி உளது. ஆனால் வால்விசிறி காற்றை ஒருபக்கம் தள்ளுதலால், பொறி முழுவதும் மறுபக்கம் மெல்ல நகரும். அந்நகர்ச்சியைத் தடுக்கத் தலைவிசிறியைச் சிறிது சாய்த்தல் வேண்டும். சாய்த்தால் தூக்கும் விசை சற்றே குறையும். குறைந்ததனை ஈடுசெய்ய விசையைக் கூட்டினால் எதிர்விசையும் கூடும். மீண்டும் வாலுக்கு வேலை உண்டாகும். இங்ஙனம் ஒன்றைத் திருத்தின் மற்ற மூன்றும் திருத்தம் வேண்டி நிற்கும். வாலை ஒருநிலையில் நிறுத்த 'கைரோ' என்னும் நுண்கருவி இக்காலத்தில் உதவுகின்றது. எனினும் மற்றவை பெரும்பாலும் கற்போன் கையிலேயே உள்ளன.

இவற்றோடு தரையின் சூழ்ச்சி ஒன்று உண்டு. தலைவிசிறி கீழ்நோக்கித் தள்ளும் காற்று தரையில் மோதி மெத்தைபோல் பொறியைத் தாங்கும். ஆகவே கணுக்கால் உயரத்தில் அது எளிதாய் எழும். ஆனால் அக்காற்றே நாற்புறமும் சிதறிக் கலங்குதலால் வழுக்குத் தரையில் நிற்பதுபோல் தடுமாறும். புதியோர் "தாழப் பறத்தலே காப்பு" என்று கருதி அக்கலக்கத்திலேயே உழன்று சலிப்பர். கைப்பழக்கம் சிறிது வாய்த்தபின் இடுப்பளவு உயர்த்தினால் பொறி அமைதியுறுதலைக் காணலாம்.

கற்கும் முறையை இனிக் கூறுவோம். முதற்கண், கணினியில் ஓடும் சிமுலேட்டர் என்னும் பயிற்சிக் கருவியை நாடுக. பறக்கவிடும் அதே ரிமோட்டைக் கணினியோடு இணைத்துத் திரையில் உள்ள பொறியை ஓட்டலாம். அங்கே நூறு முறை விழுந்தாலும் ஒரு காசும் செலவில்லை. யாம் நாள்தோறும் அரைமணி நேரமாக இரண்டு திங்கள் இதனைச் செய்தோம். அதன் பின்னரே எம் விரல்கள் சிந்தையைக் கேளாமல் தாமே இயங்கத் தொடங்கின.

இரண்டாவதாக, ரிமோட்டின் வழக்கை ஒன்றாய்த் தெரிந்து அதனையே பற்றி நிற்க. 'மோடு 2' என்னும் வழக்கில், இடக்கோல் மேலும் கீழும் அசைய விசையும் உயரமும் மாறும். இடமும் வலமும் அசைய மூக்குத் திரும்பும். வலக்கோல் பொறியை முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும். 'மோடு 1' என்னும் வழக்கில் இவை இடம் மாறியிருக்கும். இரண்டும் நல்லனவே, ஆயின் இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாய்ப் பழகுதல் கேடு. உங்களுக்குக் கற்பிப்பவர் எவ்வழக்கினரோ அதனையே கொள்க.

மூன்றாவதாக, பொறியின் காலடியில் குறுக்கும் நெடுக்குமாய் நீண்ட குச்சிகளைக் கட்டி, அவற்றின் முனையில் பந்துகளைச் செருகுக. இப்பயிற்சிக் கால்கள் பொறி கவிழாமல் தடுக்கும். முதல் சில நாள் தரையை விட்டு எழுப்பாமல், விசையைப் பாதியளவு கூட்டி, மண்மேல் சறுக்கவிட்டுத் திசை அறிக. பின்னர் ஒரு சாண் எழுப்பி இறக்குக. பின்னர் முழங்கால், பின்னர் இடுப்பு. இவ்வளவும் வால் நம்மை நோக்கியிருக்கும் நிலையிலேயே செய்க. வலமென்றால் நமக்கும் வலம், பொறிக்கும் வலம் என்பதால் மயக்கம் இராது. இந்நிலையில் ஒரு மின்கலம் தீரும் அளவும், அதாவது ஐந்தாறு நிமிடம், ஒரு பாய் விரிக்கும் இடத்திற்குள் பொறியை நிறுத்த இயலுமாயின், நீங்கள் முதல் வகுப்பில் தேறினீர்கள்.

அதன்பின் பொறியைச் சிறிது சிறிதாய்ப் பக்கவாட்டில் திருப்பிப் பழகுக. இறுதியில் மூக்கு நம்மை நோக்கும் நிலை வரும். எம்மை அச்சுறுத்தியது இந்நிலையே. இங்கே பொறியின் வலம் நமக்கு இடம். இதற்கு அனுபவம் மிக்கோர் ஒரு சூத்திரம் கூறுவர்: பொறி எப்பக்கம் சாய்ந்து விழப்பார்க்கின்றதோ, அப்பக்கமே கோலைத் தள்ளி முட்டுக்கொடு என்பர். சாயும் சுவருக்கு மரத்தை முட்டுக்கொடுப்பது போன்றதென நினைவிற் கொண்டால் இடவல மயக்கம் நீங்கும். மூக்கெதிர் நிலையில் அஞ்சாது நிறுத்தக் கற்றவனே முன்னோக்கிப் பறக்க உரியவன். அதற்கு எமக்கு ஏழு திங்கள் ஆயின. இதைக் கூற யாம் நாணவில்லை.

காலமும் இடமும் அறிதல் இன்றியமையாதது. நம் கடற்கரைப் பகுதியில் கோடை நாளில் நண்பகலையொட்டிக் கடற்காற்று எழுந்து மாலை முழுதும் வீசும். கற்போர்க்கு உரிய பொழுது விடியற்காலை. ஆறு மணிக்குக் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். கோவளத்துக் கடற்கரை அகன்றதாயினும் அதனைத் தவிர்க்க. உப்புக்காற்று உலோகத்தைத் தின்னும். கடல்மணலில் கலந்துள்ள கருந்துகள்கள் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு அதனைக் கெடுக்கும். புல் வளர்ந்த திடலே நன்று.

அபாயத்தைப் பற்றியும் ஒளியாது கூறுதல் வேண்டும். நடுத்தரமானதொரு பொறியின் தலைவிசிறி நிமிடத்திற்கு 2,500 முறை சுழல்கின்றதெனவும், அதன் வட்டத்தின் ஆரம் 35 சென்டிமீட்டர் எனவும் கொள்வோம். கணக்கிட்டுப் பார்ப்பின், இறகின் நுனி மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் விரைகின்றது. அதனைக் கத்தியென்றே கொள்க. 2013-ம் ஆண்டில் நியூயார்க் மாநகரத்துப் பூங்கா ஒன்றில், நன்கு தேர்ந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் தம் ஹெலிகாப்டரின் இறகு பட்டே உயிர் துறந்தார். தேர்ந்தவர்க்கே இந்நிலையெனின் புதியோர் எத்துணை விழிப்போடு இருத்தல் வேண்டும்! பொறிக்கும் உங்களுக்கும் இடையே முப்பதடி தூரமேனும் இருக்கட்டும். பார்ப்போர் அனைவரும் உங்கள் முதுகுக்குப் பின்னே நிற்கட்டும். சிறுவர் இருப்பின், அவர்களைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர் இருக்கட்டும்; இல்லையேல் அன்று பறக்கவேண்டாம்.

மின்கலமும் அஞ்சத்தக்கதே. லித்தியம் பாலிமர் மின்கலத்தின் ஒவ்வோர் அறையும் முழுமையாய் நிறைந்தபோது 4.2 வோல்ட்டு இருக்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடின் பழுதாகும். பயன்படுத்தாத நாளில் 3.8 வோல்ட்டு அளவில் வைத்தல் நன்று. அடிபட்டு உப்பிய மின்கலத்தை மீண்டும் மின்னேற்றுதல் தீயை வீட்டிற்கு அழைத்தலாகும். மின்னேற்றும் வேளையில் அதனைத் தனியே விட்டு உறங்கச் செல்லற்க.

சட்டமும் உண்டு. இந்திய அரசினர் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ம் நாள் வெளியிட்ட டிரோன் விதிகள், ஆளில்லாது பறக்கும் பொறிகளை எடைக்கேற்ப வகுக்கின்றன: 250 கிராம் வரை நேனோ, அதற்குமேல் 2 கிலோ வரை மைக்ரோ, அதற்குமேல் 25 கிலோ வரை சிறியவை. நேனோ வகையினையும், வாணிகம் கருதாது இயக்கும் மைக்ரோ வகையினையும் இயக்குவோர்க்கு விமானிச் சான்றிதழ் வேண்டுவதில்லை. ஆயின் சான்றிதழ் வேண்டாமையால் எங்கும் பறக்கலாம் என்பது பொருளன்று. பச்சை மண்டலத்திலும் 400 அடிக்குமேல் எழுப்ப இசைவு வேண்டும். நம் பகுதிக்கு ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், ஒரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம், தெற்கே கல்பாக்கத்து அணுமின் நிலையம் ஆகியன உள்ளன. ஆதலின் அரசினர் வெளியிட்டுள்ள வான்வரைபடத்தைப் பார்த்து, தடையற்ற இடமென்று தெளிந்த பின்னரே பொறியை எடுத்துச் செல்க.

இவ்வளவும் கேட்ட மாணவர் ஒருவர் எம்மை வினவினார்: "நான்கு விசிறிகளோடு கூடிய டிரோன்கள் இக்காலத்தில் தாமே அந்தரத்தில் நிற்கின்றனவே. கையை எடுத்துவிட்டாலும் விண்கோள்களின் உதவியால் இடம் அறிந்து அசையாது நிற்கின்றன. வயலுக்கு மருந்து தெளிக்கும் வேலைக்கும், படமெடுக்கும் வேலைக்கும் அவையே போதும். பின் ஏன் ஏழு திங்கள் வீணாக்குதல்?" இவ்வினா நேர்மையானது. தமிழ்நாட்டு அரசினர் 2022-ம் ஆண்டில் ஆளில்லா வானூர்திகளுக்கெனத் தனிக்கழகமே நிறுவியுள்ளனர். அத்துறையில் வேலை பெற விழைவோர் டிரோனைப் பயின்று சான்றிதழ் பெறுதலே முறை. அதனை யாம் மறுக்கவில்லை.

ஆயினும், தானே நிற்கும் பொறியை ஓட்டியவன் அது நிற்கும் காரணத்தை அறியான். விண்கோளின் குறிப்புத் தவறி, காற்று அடித்துக்கொண்டு போகும் வேளையில் அவன் கை செயலற்று நிற்கும். தானே தாங்கி நிறுத்தப் பழகியவன் கையோ அப்பொழுதே விழிக்கும். அன்றியும், விழுந்த பொறியைத் தன் மேசைமேல் பரப்பி, எந்தத் தண்டு வளைந்தது, எந்தப் பல் உதிர்ந்தது எனத் தேடிப் பொருத்துபவன், நூலிற் படித்த எதிர்விசையையும் சுழற்சியையும் விரலாற் படிக்கின்றான். நம் மாணவர் தேர்வுத் தாளில் அவற்றை அழகாய் எழுதுகின்றனர். ஒரு திருகை எப்பக்கம் திருப்பினால் இறுகும் என்பதனை அறியாதார் அவருள் பலர். யாமும் அவ்வாறிருந்தோம்.

சிறு பொறியோடு காலங்கழித்தல் வீண் என்பார்க்கு ஆர்தர் யங் என்னும் அமெரிக்கரின் வரலாறு தக்க விடையாகும். கணிதம் பயின்ற அவர், முழு அளவு ஹெலிகாப்டர் அமைத்துப் பொருளிழந்தோர் பலராதலைக் கண்டு, தாம் சிறு மாதிரிகளையே அமைத்துச் சோதிப்பது என்று துணிந்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் மாதிரிகளைச் செய்வதும், அவை விழுந்து உடைவதும், உடைந்தமைக்குக் காரணம் தேடுவதுமாகக் கழித்தார். அச்சோதனைகளிலேயே, தலைவிசிறியோடு சேர்ந்து சுழன்று அதனை நிலைப்படுத்தும் ஒரு தண்டினைக் கண்டார். தொலைவிலிருந்து கம்பிவழியே இயக்கிய அம்மாதிரியை 1941-ம் ஆண்டில் பெல் நிறுவனத்தார்க்குப் பறக்கவிட்டுக் காட்டினார். அதன் வழிவந்த 'பெல் 47' என்னும் ஹெலிகாப்டரே 1946-ம் ஆண்டு மார்ச்சு 8-ம் நாள் அமெரிக்காவில் பொதுமக்கள் பயனுக்கென முதன்முதல் சான்றளிக்கப்பட்டது. 1960-களின் இறுதியில் செருமானியராகிய டீட்டர் ஷ்லூட்டர் ரேடியோவால் இயக்கும் சிறு ஹெலிகாப்டரை வெற்றியுறப் பறக்கவிட்ட காலந்தொட்டு, யங் கண்ட தண்டின் வழிவந்த உறுப்பே பல்லாண்டுகள் சிறு பொறிகளின் தலையில் சுழன்றது. சிறியதில் கற்றதே பெரியதனை எழுப்பிற்று. பெரியதிற் கண்டது மீண்டும் சிறியதற்கு உதவிற்று.

எமக்குள்ள மனக்குறை வேறொன்று. நாவலூரில் யாம் பயின்ற வெற்று மனையில் இப்பொழுது பன்னிரண்டு மாடிக் கட்டிடம் எழுந்துவிட்டது. பிள்ளைகள் பட்டம் விட்ட வெளிகள் மதிலுக்குள் அடைபட்டுள்ளன. எஞ்சியுள்ள ஏரிக்கரைகளும் சதுப்பு நிலங்களும் பறவைகளுக்கு உரியவை. அவற்றை நம் விசிறிகளால் கலைத்தல் முறையன்று. ஆகவே ஆவலுள்ள இளைஞன் மொட்டைமாடியிலும் தெருமுனையிலும் பறக்கவிடுகின்றான். விளைவு யாம் கண்டதே: முதல் நாளிற் பொறி முறியும்; அது பரண்மேல் ஏறும்; "நமக்கு இது வராது" என்னும் தவறான முடிவும் உடன் ஏறும். அல்லது, எம்மைப்போல் நல்வினை இல்லாதவிடத்து, ஒரு சிறுவன் காயமுறுவான்.

திடலும் மதிலும் பொறுப்புள்ள ஆசிரியர்களும் கல்லூரிகளில் உள்ளனர். ஆதலின் எம் விண்ணப்பம் இது. வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை விடியலில், இரண்டு மணி நேரம் விளையாட்டுத் திடலை இதற்கென ஒதுக்குக. வான்வரைபடம் இடந்தரும் கல்லூரிகள் தொடங்கட்டும். இடந்தராதவை அருகிலுள்ள கல்லூரியோடு கூடிக்கொள்ளட்டும். மாணவர் ஒவ்வொருவரும் பொறி வாங்கவேண்டுவதில்லை. பத்துப் பேருக்கு ஒன்று போதும். ஆசான் கையிலும் மாணவன் கையிலும் ஒவ்வொரு ரிமோட்டைக் கொடுத்து இரண்டனையும் இணைக்கும் வசதி உண்டு. மாணவன் தடுமாறின் ஆசான் ஒரு குமிழைத் தொட்டுப் பொறியைத் தன் வயமாக்கிக் காப்பார். இயற்பியல் கூடத்தில் ஒரு மேசையைப் பழுதுபார்க்க விடுக. உடைத்தவனே செப்பஞ்செய்தல் வேண்டும் என்பது அங்கே சட்டமாகட்டும். கற்பிக்க ஆள் இல்லையெனின் பழைய மாணவரை அழையுங்கள். யாம் மூவரும் வருவோம்.

"தேர்வும் பாடமும் இருக்க இதற்கு நேரமேது?" என்று பேராசிரியர் சிலர் தயங்கலாம். அவர்கட்குப் பணிவுடன் கூறுவது ஒன்றுண்டு. இன்று நம் இளைஞர் எதனையும் விரைந்து பெறப் பழகியுள்ளனர். வினவியவுடன் விடையும், விரும்பியவுடன் பொருளும் கையில் வந்துசேர்கின்றன. பல திங்கள் முயன்றும் ஒரு பாய் அளவு இடத்தில் ஒரு பொறியை நிறுத்த இயலாது, மறுநாளும் சலியாது சென்று முயலும் பழக்கத்தை அவர்க்கு அளிப்பன இக்காலத்திற் சிலவே. இசை அளிக்கும், சதுரங்கம் அளிக்கும், இதுவும் அளிக்கும்.

அன்று எம்மிடம் ஓடிவந்த அயல்வீட்டுச் சிறுவன் இப்பொழுது ஒன்பதாம் வகுப்பிற் பயில்கின்றான். பெற்றோர் இசைவு பெற்று, ஞாயிறுதோறும் விடியலில் அவனை ஊர்க்கு வெளியேயுள்ள நண்பர் ஒருவரின் நிலத்திற்கு அழைத்துச் செல்கின்றோம். நான்கு திங்கள் அவன் திரையிலேயே பழகினான். அதன் பின்னரே உண்மைப் பொறியைத் தொட்டான். சென்ற வாரம் அவன் கையில் அது இடுப்பளவு உயரத்தில், வால் எம்மை நோக்க, மின்கலம் தீரும் வரை நின்றது. இறக்கிவைத்து விசையை அடைத்தான். இறகுகள் முற்றிலும் ஓயும் வரை இருந்த இடத்திலேயே நின்றான். யாரும் அவனுக்கு நினைவூட்டவில்லை.

அவனைப் போன்றோர் இன்னும் சில ஆண்டுகளில் நம் கல்லூரி வாயிலில் வந்து நிற்பர். அப்பொழுது அவர்க்கு ஒரு திடல் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.